அறுபத்தோராம் பக்கம்

குன்னூர்
9 ஜூன் 2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

லூயிஸ் எழுதுகிறேன். நானும் இந்துமதியும் நலம். நீங்களும் மடத்துச் சகோதரிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர வேறு எதுவும் எழுதி இரண்டு வருடம் ஆகப்போகிறது. பள்ளியில் வேலை அதிகம்.

ஒரு உதவி வேண்டும். நம் கோவில் கட்டி நூற்றைம்பது வருடம் ஆவதால் கூரையைப் பிரித்து வேலை நடக்கிறது. பூசை உடுப்பு அறையின் பரணில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே தோல் அட்டை போட்ட ஒரு ஏடு. தொண்ணூற்றாறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு மூன்றாகக் காய்ந்த பாசிகள் ஒட்டியிருக்கின்றன. மரத்தில், பாறையில் படர்கிற நம் ஊர்ப் பச்சைப் பாசிதான். பக்கத்தில் பிரெஞ்சில் பொடிப்பொடியாக எழுத்து. எழுதியவர் பாதர் மொரெல். 1870 முதல் இங்கே இருந்தவர். கல்லறைத் தோட்டத்தில் மூலையில் சாய்ந்து நிற்கும் கல் அவருடையதுதான்.

புதுப் பங்குத்தந்தை பாதர் சகாயம் அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நீங்க பயாலஜி வாத்தியாருங்க. இது ஏதாவது ஒண்ணுக்கு ஆகுமான்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். விழா மலரில் போட ஆசைப்படுகிறார்.

எனக்குப் பாசி தெரியும், பிரெஞ்சு தெரியாது. வெளியே வராத மடத்து வாழ்க்கைக்குப் போகும் முன் பாண்டிச்சேரியில் நீங்கள் படித்த பிரெஞ்சு நினைவுக்கு வந்தது. முழு ஏட்டையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் தமிழில் எழுதி அனுப்புங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை.

மழை பிடித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
லூயிஸ்


மடம், திண்டுக்கல் அருகே
27 ஜூன் 2024

அன்புத் தம்பி லூயிசுக்கு,

உனக்கும் இந்துமதிக்கும் ஆண்டவரின் சமாதானம். நான் சுகம். உன் வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? இன்னும் வெறும் வயிற்றில் காப்பி குடிக்கிறாயா?

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்?

மடத்துத் தலைவி அம்மா அனுமதி தந்துவிட்டார். மதியம் கோவில்களுக்கான பூசை அப்பம் வெட்டி முடித்தபின் ஒரு மணி நேரம் இந்த வேலைக்கு. முதல் நாள் ஒரு வரிகூட ஓடவில்லை. என் பிரெஞ்சு துருப்பிடித்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் அந்த மனிதர் பேச ஆரம்பித்துவிட்டார். கேள்:

"1871 ஜூன் 3. பூசைக்குப் பின் மூடுபனி. என் ஓலைக் கோவிலுக்குப் பின்னால் ஒரே மரத்தில் நான்கு வகைப் பாசி. மூன்றுக்குப் பெயர் தெரியும். நான்காவதிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்."

"ஜூன் 19. மழை. செடி காயவைக்கும் தாள்களை மெத்தைக்கு அடியில் விரித்திருக்கிறேன். காடு என் முதுகுக்குக் கீழே காய்கிறது. கனவில் நான் ஒரு கல். என்மேல் ஏதோ மெதுவாக முளைக்கிறது."

"ஜூலை 2. மூடுபனிக்குள் ஒருவர் விறகோடு போனார். தோத்திரம் சொன்னேன். பனி பதில் தோத்திரம் சொன்னது. யார் என்று இன்றுவரை தெரியாது."

இங்கே மழை இல்லை. கிணற்றுச் சுவரில் இருந்த பாசி கறுத்துப் பொரிந்து கிடக்கிறது. இதைப் படித்துவிட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தேன். முதல் இருபது பக்கம் இதனுடன் இருக்கிறது.

செபத்தில் உங்களை நினைக்கும்,
செலஸ்டின் அக்கா


குன்னூர்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

சுகமா? இருபது பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். இந்துமதியை உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தேன். பனி பதில் சொன்ன இடத்தில், "ஏங்க, எங்க பந்தலூர்லயும் அப்படித்தாங்க, பேரைக் கூப்பிட்டா பக்கத்து மலைலருந்து வேற யாராவது 'என்ன'ம்பாங்க" என்று சிரித்தாள்.

செய்தி வெளியே போய், கோவையிலிருந்து மகாலட்சுமி என்று ஒரு ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். மலைப் பாசிகளைப் பற்றித்தான் அவள் படிப்பு. ஏட்டைப் பார்த்ததும் கைகழுவிவிட்டு வந்தாள். பாதர் மொரெல் மூடுபனி விழுந்த காலைகளையெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக் குறித்திருக்கிறார். "இவ்வளவு பழைய கணக்கு எங்ககிட்ட இல்லவே இல்லைங்க சார்" என்றாள்.

பாதர் சகாயத்துக்கு ஒரே சந்தோஷம். விசுவாசமும் விஞ்ஞானமும் ஒரே கையில் என்று கட்டுரை எழுதப்போகிறாராம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அக்கா. பூமி சுற்றுகிறது என்று சொன்ன கிழவரை மண்டியிட வைத்த திருச்சபைதானே இது? அந்தக் காலத்தில் கண்ணைத் திறந்து பார்த்த எந்தச் சாமியாரும் ஒருநாள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மொரெலும் எங்கோ ஒரு பக்கத்தில் தேர்ந்தெடுத்திருப்பார். அந்தப் பக்கத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. நான் கோவிலுக்குப் போவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அறிவியல் படித்தவனுக்கு அது ஒருநாள் நடக்கத்தான் செய்யும்.

22ஆம் தேதி அம்மாவின் நினைவு நாள். இந்துமதி பூசைக்குக் கொடுத்திருக்கிறாள். இந்து வீட்டில் பிறந்தவள் போகிறாள், நான் போகவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

லூயிஸ்


மடம்
10 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். இருமல் பத்து நாளாக இருந்தது, இப்போது தேவலை. அம்மாவின் நாளில் உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டேன்.

நீ சொன்ன கிழவரை மண்டியிட வைத்தது உண்மை. அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். ஆனால் மடத்துத் தோட்டத்தில் வருடக்கணக்காகப் பட்டாணிச் செடியை எண்ணிக்கொண்டிருந்த துறவியின் கணக்கைத்தானே நீ பத்தாம் வகுப்புக்கு நடத்துகிறாய்? அவர் காலைச் செபம் பாடிவிட்டு நேரே பட்டாணிப் பாத்திக்குப் போயிருப்பார். நடுவில் ஒரு மதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாசற்படி இருந்திருக்கலாம். தடுக்கியும் இருக்கலாம்.

நீ காத்திருக்கும் இடத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டேன். 1873இல் ஒரு தோட்டத் துரை, இங்கிலாந்தில் பெரும் சண்டை கிளப்பிய புத்தகம் ஒன்றை அவருக்குக் கொடுத்திருக்கிறார். உயிர்கள் ஒவ்வொன்றாகப் படைக்கப்படவில்லை, ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தவை என்கிற புத்தகம். மொரெல் எழுதுகிறார்:

"நான்கு நாளில் படித்து முடித்தேன். பயந்துகொண்டே தொடங்கினேன். முடிக்கும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் ஒவ்வொரு பாசியையும் தனித்தனியே செய்யாமல், பாசியே பாசிகளைச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருடைய பொறுமை நான் போதித்துவந்ததைவிடப் பெரியது. வரும் ஞாயிறு இதைப் பிரசங்கத்தில் சொல்லமாட்டேன். மரத்திடம் சொல்லிவிட்டேன்."

ஏமாற்றமா, வாத்தியாரே?

எழுபத்தெட்டாம் பக்கம் வரை அனுப்புகிறேன். வெயில் தணியவில்லை.

அக்கா


குன்னூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இருமலுக்கு வெந்நீரில் மிளகு போட்டுக் குடியுங்கள். நாங்கள் சுகம்.

ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் புத்தகப் பக்கத்தைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். மணி அடித்தபின் இரண்டு பேர் வந்து அந்தப் பக்கத்துக்கு நகல் கேட்டார்கள்.

போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. ஏட்டிலிருந்து ஒரு பாசித் துணுக்கு உதிர்ந்து மேசையில் விழுந்தது. நூற்றைம்பது வருடப் பழுப்பு. மகாலட்சுமி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். லென்சில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா. சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக எழுந்து, விரிந்து, பச்சையாகவே ஆகிவிட்டன. இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "உயிர் வந்திருச்சா?" என்றாள்.

"இல்லைங்கக்கா. உயிர் போய் எத்தனையோ வருசமாச்சு. தண்ணி ஏறுனா விரியும், அது அதோட அமைப்பு, அவ்வளவுதாங்க" என்றாள் மகாலட்சுமி.

சரியான பதில்தான். நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று பேரும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வெளியே மூடுபனி ஜன்னலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. எந்த வருடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம். உங்கள் தாள்களில் அறுபதுக்கு அடுத்து அறுபத்திரண்டு இருக்கிறது. அறுபத்தொன்று இல்லை. நான் நகல் எடுக்கும்போது விட்டுவிட்டேனா என்று எண்ணிப் பார்த்தேன், விடவில்லை. தேடிப் பாருங்கள்.

லூயிஸ்


மடம்
18 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

அறுபத்தோராம் பக்கம் மங்கலாக இருக்கிறது. படிக்க முடியவில்லை. மற்றவை எல்லாம் இத்துடன் முடிந்தன. கடைசிப் பதினைந்து பக்கம் வெறும் மூடுபனிக் கணக்கும் பாசிப் பெயர்களும்தான்.

செலஸ்டின்


குன்னூர்
20 அக்டோபர் 2024

அக்கா,

மூலத்தில் அந்தப் பக்கம் மங்கலாக இல்லை. மற்ற பக்கங்களைவிட அழுத்தி எழுதியிருக்கிறார். மை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருக்கிறது.

மொழிபெயர்ப்புக்காகப் போனில் படம் பிடித்தால் அந்தக் கையெழுத்து அதற்குப் புரியவில்லை. நானும் மகாலட்சுமியும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினோம். மூன்று நாள் ஆனது. வந்த தமிழ் கரடுமுரடானது. ஆனால் என்ன சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. அவரால் செபிக்க முடியவில்லை. அவருடைய தாய் இறந்துவிட்டாள்.

இதை ஏன் மறைத்தாய்? விழா மலருக்கு அழகாக இருக்காது என்றா? ஒரு சாமியாரின் மானத்தைக் காப்பாற்றவா? என்னிடமிருந்தா?

தாய் என்று மொரெல் எழுதியிருந்த வார்த்தை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால் இரண்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டுவிடுகிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி, "பெரியவ வந்துட்டாளா கண்ணு?" என்று கேட்டாள். நான் உங்கள் மடத்துக்குப் போன் செய்தேன். தலைவி அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "கேட்டால் அனுப்புவேன் தம்பி. சகோதரி கேட்கவில்லை." இதுதான் சொன்னார். ஐந்தாம் நாள் அம்மாவிடம், "பஸ் ஏறிட்டாளாம்மா, காரமடை தாண்டிட்டாளாம்மா" என்று பொய் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே போனாள்.

நீ ஏன் கேட்கவில்லை?

லூயிஸ்


மடம்
24 நவம்பர் 2024

லூயிஸ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கடிதங்களை உறையை ஒட்டாமல் தலைவி அம்மாவிடம் கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் படிப்பதில்லை. படிக்கவும் செய்யலாம். இதைப் படித்தால் படிக்கட்டும்.

முதலில் அந்தப் பக்கம். ஒழுங்கான தமிழில்:

"1874, தவக்காலம். இருபத்தாறாம் நாள். என்னால் செபிக்க முடியவில்லை. உதடுகள் சொல்கின்றன, நான் அங்கே இல்லை. அந்த ஆங்கிலப் புத்தகத்தால் அல்ல. அது எனக்கு மகிழ்ச்சியே தந்தது. என் தாய் இறந்த செய்தி கப்பலில் ஏழு வாரம் வந்தது. அந்த ஏழு வாரமும் ஒவ்வொரு காலையும் அவளுடைய உடல்நலத்துக்காகப் பூசை வைத்தேன். மண்ணுக்குள் இருந்தவளின் உடல்நலத்துக்காக. யார் கேட்டுக்கொண்டிருந்தார்? ஏன் ஒருவரும் என்னை நிறுத்தவில்லை?

இன்று கோடை மழையின் முதல் தூறல். மரத்தின் முன் நின்றேன். காய்ந்திருந்த பாசி நீர் குடித்து எழுவதைப் பார்த்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை. நேரம் போனது தெரியவில்லை. பார்த்தது போதுமாக இருந்தது. இது செபமா, எனக்குத் தெரியாது. நாளையும் வந்து நிற்பேன்."

நான் இதை மலருக்காக மறைக்கவில்லை. உன் கண்ணிலிருந்து மறைக்கவும் இல்லை. படித்து முடித்ததும் தாளை மடித்து என் பாய்க்கு அடியில் வைத்துவிட்டேன். அது என் கையெழுத்தில் இருந்தது போல் இருந்தது.

எனக்கும் அப்படித்தான், லூயிஸ். நான்கு வருடமாக. ஒருநாள் காலைப் பாட்டின் நடுவில் உள்ளே எதுவோ அணைந்தது. எந்தப் புத்தகத்தாலும் அல்ல, யாரும் எதுவும் செய்யவில்லை. மறுநாள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மணி அடிக்கும்போது போனேன், பாடும்போது பாடினேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் செய்தி வந்தபோது தலைவி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போய் வருகிறாயா, மகளே?" என்றார். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரியும், அந்தக் கதவைத் தாண்டினால் நான் திரும்பி வரமாட்டேன். திரும்பி வர என்னிடம் ஒன்றும் இல்லை. "வேண்டாம் அம்மா, இதையும் ஆண்டவருக்குக் காணிக்கையாக்குகிறேன்" என்றேன். எல்லாரும் என்னை ஒரு புனிதையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். சின்னச் சகோதரி ஒருத்தி என் அங்கியைத் தொட்டு முத்தமிட்டாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அம்மாவைவிட இந்தச் சுவர் பெரிது என்று நான் நினைத்ததாக நீ நினைத்திருப்பாய். நான் பயந்துபோயிருந்தேன். அவ்வளவுதான்.

காரமடை தாண்டிவிட்டேன் என்று சொன்னாயே, அதற்காக உன் கையைப் பிடித்து அழ வேண்டும் போலிருக்கிறது.

மன்னிப்புக் கேட்க வார்த்தை தெரியவில்லை. பக்கத்தை என்ன செய்ய வேண்டுமோ செய்.

அக்கா


குன்னூர்
8 டிசம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? இங்கே நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை இந்துமதிக்கும் காட்டவில்லை. தேயிலைக்கு நடுவில் போகிற பாதையில் நின்று படித்தேன். பனி இறங்கி எழுத்து நனைய ஆரம்பித்ததும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். வீடு வந்துசேர்ந்தபோது சட்டையெல்லாம் ஈரம்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அறிவியல் என்னைக் கோவிலிலிருந்து வெளியே கூட்டிவந்தது என்று உனக்கு எழுதினேன். பிள்ளைகளிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பொய். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றிலிருந்துதான் நான் போகவில்லை. உன்மேல் இருந்த கோபத்தை ஆண்டவர்மேல் காட்டினேன். உன்னைத் திட்ட முடியாது, நீ சுவருக்குள் இருந்தாய். அதனால் உன்னை அங்கே கூட்டிப்போனவரைத் திட்டினேன். பிரெஞ்சு ஏடு கிடைத்தபோது எனக்கு உண்மையில் சந்தோஷம், உனக்கு எழுத ஒரு சாக்கு கிடைத்ததே என்று.

அந்தப் பக்கத்தை அச்சில் போட வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். ஒரு மனிதர் தனியாக மரத்திடம் சொன்னதை ஊருக்கு விற்பதா? இருந்தாலும் பாதர் சகாயத்திடம் கொடுத்தேன். உன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று நாள் வைத்திருந்தார். விழாக் குழுவில் தனசிங் அண்ணன், "சாமியாரே செபம் பண்ண முடியலைன்னு எழுதி வெச்சதைப் போட்டா சனங்க என்னங்க நெனப்பாங்க?" என்று சண்டைக்கு வந்தார்.

பாதர் மெதுவாகத்தான் பேசினார். "அதுக்கப்புறமும் ஒம்பது வருசம் தெனமும் பூசை வெச்சிருக்காருங்க அண்ணா. அதையும் சேத்து நெனைக்கட்டுமுங்க. நான் பெருமையா ஒரு கட்டுரை எழுதி வெச்சிருந்தேன். அதைக் கிழிச்சுட்டேன். இது ஒண்ணு போதுமுங்க."

பிறகு என்னைத் தனியாக அழைத்து, "உங்க அக்கா வந்து விழாவுல படிச்சா நல்லாருக்குமுங்க. நான் ஆயருக்கும் மடத்துக்கும் எழுதட்டுங்களா?" என்றார்.

நான் அவரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் உனக்காகக் கேட்க வேண்டாம். கேட்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். விழா ஜனவரி 19. கேட்காவிட்டால் நான் கோபப்படமாட்டேன். இது சத்தியம்.

லூயிஸ்


மடம்
23 டிசம்பர் 2024

லூயிசுக்கு,

பிறக்கப்போகும் பாலகன் உங்கள் வீட்டுக்கு ஆறுதல் கொண்டுவரட்டும்.

கேட்டேன். தலைவி அம்மா நாட்காட்டியை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, "இப்போதாவது கேட்டாயே" என்றார். ஜனவரி 17 முதல் 21 வரை அனுமதி.

என்னிடம் ஸ்வெட்டர் இல்லை.

அக்கா


குன்னூர்
26 ஜனவரி 2025

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால் நீ மடத்தில் இருக்கிறாய். வேறெங்காவது இருந்தால் இது சேராது. மடத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோவை வரைக்கும் வருகிறேன் என்றதற்கு நீ வேண்டாம் என்று தலையாட்டியதிலிருந்து, எதையும் துருவக் கூடாது என்று தீர்மானித்துவிட்டேன்.

நீ போனபின் வீடு விசித்திரமாக இருக்கிறது. நீ நிஜமாகவே வந்தாயா என்று சந்தேகமாக இருக்கிறது. அந்த நான்கு நாளும் பனி விலகவே இல்லை. யாரோ பனிக்குள்ளிருந்து வந்து, சாப்பிட்டு, சிரித்து, பனிக்குள் போய்விட்டதுபோல் இருக்கிறது. ஆனால் அம்மாவின் பழுப்பு ஸ்வெட்டர் ஆணியில் இல்லை, அதனால் நம்புகிறேன்.

கல்லறையில் நீ அழுவாய் என்று பயந்தேன். நீ உட்கார்ந்து புல் பிடுங்கினாய். ஒருமணி நேரம். நானும் பிடுங்கினேன். "அம்மா, காரமடை தாண்டி வந்துட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாயே, எனக்குக் கேட்காது என்று நினைத்தாயா? கேட்டது.

கோவிலில் நீ படித்தபோது கடைசிப் பெஞ்சில் இந்துமதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "யார் கேட்டுக்கொண்டிருந்தார்?" என்ற இடத்தில் உன் குரல் நின்றுவிட்டது. முன்வரிசையில் தனசிங் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நீ மறுபடி தொடங்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள், அக்கா. யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் விசுவாசி ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனால் அந்தக் காத்திருப்பில் நானும் இருந்தேன். இருக்கப் பிடித்திருந்தது.

பாதர் மொரெலின் மூடுபனிப் புள்ளிகளை மகாலட்சுமி எண்ணி முடித்துவிட்டாள். அவர் காலத்துக்கும் நமக்கும் இடையில் ஏராளமான மூடுபனிக் காலைகள் காணாமல் போயிருக்கின்றன என்கிறாள். ஏடு அவளுடைய கல்லூரிக்கு இரவலாகப் போகிறது.

நீ எங்கே இருந்தாலும் வேளாவேளைக்குச் சாப்பிடு. பணம் வேண்டுமானால் எழுது. திரும்பி இங்கே வந்தாலும் அறை அப்படியே இருக்கிறது.

உன் தம்பி,
லூயிஸ்


மடம், திண்டுக்கல் அருகே
15 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

சமாதானம். உன் கடிதம் என் கைக்கு வந்தது. அதனால் நான் எங்கே இருக்கிறேன் என்று இப்போது உனக்குத் தெரியும். இந்துமதிக்கு என் அன்பைச் சொல். அவள் கட்டிக் கொடுத்த புளிச்சோறு வழியில் கெடவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கோவையில் இறங்கி, நகரப் பேருந்து மாறி, சிங்காநல்லூர் போனேன். திண்டுக்கல் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். மலைக் குளிருக்குப் பிறகு அந்த வெயில் கனவுபோல் இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு சின்ன அறை, ஒரு ஸ்டவ். எல்லாம் கண்முன் வந்தது. நன்றாகவே இருந்தது, லூயிஸ். பயமாகவே இல்லை. இரண்டாவது வண்டியும் போனது.

ஒரு கண்டக்டர் வந்தார். "ஏனுங்க சிஸ்டர், ரெண்டு வண்டி போயிருச்சுங்களே, யாராச்சும் வரணுமுங்களா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னபின் நானும் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன், சின்ன வயதில் அப்பா ஃபேக்டரி விட்டு வருவதைப் பார்த்து நிற்போமே, அப்படி.

யாரும் வரவில்லை. குரல் கேட்கவில்லை, உள்ளே எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் என்னை யாரோ அழைத்தார்கள், நான் போனேன். இந்த முறை யாரும் அழைக்கவில்லை. மூன்றாவது வண்டி வந்தது. எழுந்து, ஸ்வெட்டரைப் பையில் வைத்து, நானாக ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

கதவைத் திறந்த தலைவி அம்மா என் பையை வாங்கிக்கொண்டார். மாலைப் பாட்டுக்கு மணி அடித்தது. போனேன். என்னால் பாட முடியவில்லை என்று பக்கத்தில் நின்ற சின்னச் சகோதரியிடம் சொன்னேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள், "சரி அக்கா, இன்றைக்கு நான் உங்களுக்கும் சேர்த்துப் பாடுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் குரலை உயர்த்திப் பாடினாள். சுருதி சுத்தமாக இல்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

செலஸ்டின் அக்கா